வாசகர் கேள்வி பதில்: நெல் மூடையும் ஆடும் கான்டிலும்

கேள்வி: 50 கிலோ நெல் மூடையைச் சைக்கிள் கரியலில் கட்டி மில்லுக்குக் கொண்டு போகிறேன். கான்டில் கட்டுக்கடங்காமல் ஆடுகிறது. மெதுவாக ஓடினால் இன்னும் மோசம். முன்னுக்கும் ஒரு பாரத்தைத் தொங்கவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணர். சரிதானா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: அண்ணர் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார், மருந்துதான் பிழை.

மூடையின் நடுப்பகுதி பின்சில்லின் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் பாரம் முழுவதும் பின்சில்லில் இறங்கும். அச்சைத் தாண்டிப் பின்னுக்குப் போனால், அது நெம்புகோலாகி முன்சில்லைத் தூக்கத் தொடங்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 110 சென்ரிமீற்றர் உள்ள சைக்கிளில், 50 கிலோ மூடையின் நடு 30 சென்ரிமீற்றர் பின்னுக்கு இருந்தால், முன்சில்லின் மேலுள்ள பாரம் 13 கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே மூடையை ஆசனத்தோடு ஒட்ட வைத்துக் கட்டுங்கள். சைக்கிள் சாயும் பக்கத்துக்கே கான்டிலைத் திருப்பித்தான் நாம் விழாமல் ஓடுகிறோம் என்பதாலும், வேகம் குறையக் குறைய அதற்குக் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருப்பதாலும், மெதுவாக ஓடும்போது ஆட்டம் கூடுகிறது.

அடுத்தது கட்டு. பழைய ரியூப்பால் கட்டுவது நம்மூர் வழக்கம். ஆனால் றப்பர் இழுபடுவதால், நீங்கள் ஒரு பக்கம் திருப்பிய பின் மூடை சற்றுப் பிந்தி அசைந்து கான்டிலை மறுபக்கம் தள்ளுகிறது. நைலோன் கயிற்றைக் கரியலின் கால்களோடு சேர்த்து இறுக்குங்கள். பிறகு ஆசனத்தை ஒரு கையால் பிடித்து, மறுகையால் மூடையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சட்டம் அசையுமுன் கரியல் அசைந்தால், கால்கள் அச்சருகே பூட்டப்பட்டுள்ள நட்டுகள் தளர்ந்திருக்கின்றன.

கான்டிலில் தொங்கும் பாரமோ கான்டிலோடு சேர்ந்து திரும்புவதால் கையை மந்தமாக்கும்; கம்பிகளுக்குள் சிக்கினால் ஆளையே தூக்கியெறியும். அதைவிட நெல்லை இரண்டு 25 கிலோப் பைகளாக்கி, குதிக்கால் இடிக்காதபடி பின்சில்லின் இரு பக்கமும் தாழக் கட்டலாம். அதற்கும் மேல் பாரமென்றால், விறகு கொண்டுவருவோர் செய்வதுபோல் உருட்டுவதே நல்லது. 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாமியர் கான்டிலுக்குத் தடி கட்டி நீட்டி, 200 கிலோவுக்கு மேல் உருட்டியே கொண்டு சென்றார்கள்.

பிறேக்கையும் மறக்க வேண்டாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ இருந்தது மூடையோடு 130 ஆகும்போது, பிறேக்கின் பிடி அதேயளவானால் நிற்கும் தூரம் 1.6 மடங்காகும். கிரவல் வீதியில், மழை நாளில், இறக்கத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள். பின்ரயருக்கு வழமையைவிடக் கூடக் காற்றடியுங்கள்.