கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? பால் பைத்தான் பற்றிய கேள்வி பதில்

லண்டனில் பாம்பு, பல்லி, ஆமை விற்கும் கடையொன்றில் 11 வருடம் வேலை செய்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பி வந்தவன் நான். ஊரில் என் சொந்தப் பெயர் மறந்துபோய் இப்போது ‘பாம்புக்கார அண்ணை’ என்றால்தான் தெரியும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் திருகோணமலைக் குடும்பங்களிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே பாம்பைப் பற்றித்தான்: அங்கே வீடுகளில் வளர்க்கிற பால் பைத்தான் என்ற சின்ன மலைப்பாம்பு. சேர்ந்து கிடந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாம்பல்தீவுத் தம்பி, இப்போது ஈஸ்ட்ஹாமில்: அண்ணை, பால் பைத்தான் குட்டி ஒன்று வாங்கி நாலு நாள் ஆகிறது. கிழமைக்கு எத்தனை தரம் கையில் எடுக்கலாம்? ஒருத்தர் ஒவ்வொரு நாளும் எடுத்தால்தான் பழகும் என்கிறார். இன்னொருத்தர் தொடவே வேண்டாம் என்கிறார்.

நாலு நாள்தானே? அப்படியென்றால் இப்போதைக்குத் தொடவே வேண்டாம் என்றவர் சொன்னதுதான் சரி. புது வீட்டுக்கு வந்த பாம்புக்குக் குறைந்தது ஒரு கிழமை தனிமை வேண்டும். என் கணக்கு அதைவிடக் கொஞ்சம் கடுமை: உங்கள் வீட்டில் இரண்டு மூன்று தரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகுதான் கை வைக்கச் சொல்வேன். அதுவரை தண்ணி மாற்றுவது, அழுக்கு எடுப்பது மட்டும்.

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் 5 முதல் 10 நிமிடம். வளர்ந்து பழகிய பாம்பென்றால் மூன்று தரம், 20 நிமிடம் வரை போகலாம். ஆனால் இதை நாள்காட்டியில் குறித்து வைத்துச் செய்யாதீர்கள். பாம்பின் வயிறுதான் நாள் குறிக்கும். ஞாயிறு இரவு எலி கொடுத்தீர்களென்றால் திங்களும் செவ்வாயும் கிட்டப் போகவேண்டாம். 48 மணித்தியாலம் கட்டாயம் விடவேண்டும். பெரிய எலி என்றால், வயிற்றில் வீக்கம் தெரிகிறது என்றால், இன்னொரு நாள் கூட்டுங்கள். புதன் ஒரு தரம், வெள்ளி ஒரு தரம். சனி விட்டுவிடுங்கள், அடுத்த நாள் சாப்பாடு. அதோடு குட்டிகள் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை சட்டை கழற்றும். அந்தக் கிழமையும் கணக்கில் இல்லை. எல்லாம் கழித்துப் பார்த்தால் மாதத்துக்கு ஆறு தரம் எடுத்தாலே நீங்கள் நல்லாகப் பழக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

சாப்பிட்டவுடன் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கக்கிவிடும். எங்கள் கடையில் வாங்கிய ஒருவர், மருமகப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சாப்பிட்ட மறுநாளே தூக்கி, அரைகுறையாகச் செரித்த எலி கம்பளத்தில் விழுந்தது. கம்பளத்தைக் கழுவிவிடலாம். பாம்பின் தொண்டைதான் வயிற்று அமிலத்தில் வெந்துபோகும். கக்கிய பாம்புக்கு 10 முதல் 14 நாள் எதுவும் கொடுக்காமல் விட்டு, பிறகு வழக்கத்தைவிடச் சின்ன இரையில் தொடங்கவேண்டும். இரண்டாம் முறையும் கக்கினால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உவர்மலை, பத்தாம் வகுப்பு மாணவி: பால் பைத்தான் என்றால் பால் குடிக்கிற பாம்பா?

இல்லை தங்கச்சி. இது ஆங்கிலப் ‘பால்’, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பிரித்தானியாவில் இதையே ‘ராயல் பைத்தான்’ என்பார்கள். எந்தப் பாம்புக்கும் பால் உணவு இல்லை. புற்றுக்கு ஊற்றுகிற பால் எறும்புக்குத்தான் போகிறது.

இதன் ஊர் மேற்கு, மத்திய ஆபிரிக்கா. அங்கே பகலில் எலி வளைகளிலும் கைவிட்ட கறையான் புற்றுகளிலும் படுத்திருந்துவிட்டு இரவில் இரை தேடும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிவந்த கதையை நாங்கள் பழமொழியாகச் சொல்கிறோம், இது அதை அப்படியே வாழ்ந்து காட்டுகிறது. இந்தப் பழக்கத்தை மனதில் வைத்திருங்கள், அடுத்த பதில்கள் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: மகன் கட்டாரிலிருந்து வீடியோ அனுப்புகிறான். கையில் எடுத்ததும் பந்தாகிவிடுகிறது, அசையாமல் கிடக்கிறது. நல்லாப் பழகிவிட்டது என்கிறான். உண்மையா?

இல்லை நானா, அது பயம். பழகிய பாம்பு கையில் மெதுவாக நகரும், நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும், விரல்களுக்கிடையில் ஊர்ந்து போகும். சுருண்டு இறுகினால், உஸ் என்று சீறினால், கழுத்தைப் பின்னுக்கு வளைத்து ஆங்கில ‘எஸ்’ (S) போல மடித்து நின்றால், விடாமல் ஒரே திசையில் தப்பி ஓடப் பார்த்தால், அல்லது நாறுகிற எதையாவது கையில் விட்டால், அன்றைக்குப் போதும். திருப்பி வைத்துவிடவேண்டியதுதான்.

எடுக்கிற முறையையும் மகனிடம் கேளுங்கள். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து வந்த மாதிரி. பக்கவாட்டில் இருந்து, நடு உடம்புக்குக் கீழே கையைக் கொடுத்து, மற்றக் கையால் பின்பாதியைத் தாங்கி எடுக்கவேண்டும். தலையையோ வாலையோ பிடிக்கக் கூடாது. ஒளிந்திருக்கும் பெட்டிக்குள்ளிருந்து இழுத்து எடுப்பது அதைவிட மோசம். அது ஒன்றுதான் அந்தப் பாம்புக்கு இருக்கிற புற்று. பகலில் நல்ல நித்திரையில் இருக்கும்போது எழுப்பவும் வேண்டாம். பின்னேரம் தானாக வெளியே வரும், அப்போது எடுக்கலாம்.

நிலாவெளியிலிருந்து ஓர் அம்மா: தம்பி, மகளுக்கு ரொறொன்ரோவில் குழந்தை பிறக்கப்போகிறது. பிள்ளை பார்க்கப் போகிறேன். மருமகன் வீட்டில் இந்தப் பாம்பு வைத்திருக்கிறார். குழந்தையை ஏதாவது செய்துவிடுமா? எனக்கு நித்திரை இல்லை.

அம்மா, இது விஷப் பாம்பில்லை. வளர்ந்தாலும் மூன்றிலிருந்து ஐந்து அடிதான், பெண்தான் பெரிது. மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா, குழந்தை படுக்கிற அறையில் பெட்டி இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்புகள் சின்ன இடைவெளி கண்டால் தப்பிப்பதில் கெட்டிக்காரர்கள்.

நீங்கள் பயப்படவேண்டியது பல்லுக்கு அல்ல, கிருமிக்கு. பார்ப்பதற்கு நல்ல சுகமாக இருக்கும் பாம்பின் தோலிலும் எச்சத்திலும் சல்மொனெல்லா இருக்கலாம். பெரியவருக்கு வயிற்றோட்டத்தோடு போகிற அது, பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளை பாம்பையும் தொடக் கூடாது, பாம்பின் பெட்டியையும் தொடக் கூடாது. மருமகன் பாம்பை எடுத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்க விடாதீர்கள். மாமியார் இந்த ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருக்கலாம், யாரும் குறை சொல்லமுடியாது. பாம்பின் தண்ணிக் கோப்பையைக் குசினிப் பேசினில் கழுவுவதும் வேண்டாம். மகளும் இப்போதைக்குப் பெட்டி துப்புரவாக்கும் வேலையை மருமகனிடம் விட்டுவிடட்டும்.

இன்னொன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உறைய வைத்த எலி ஃப்ரீசரில் இருக்கும். நீங்கள் அறக்குளா மீன் வைக்கப்போய் அதைக் கண்டு கத்தவேண்டாம். தனி டப்பாவில், பெயர் எழுதி, முடிந்தால் தனிக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புவழிபுரம்: கடித்தால் என்ன செய்வது?

பாதிக் கடி பயத்தில் வருவது. கொத்திவிட்டு விட்டுவிடும், ஊசி குத்தியது போல நாலைந்து புள்ளி. சவர்க்காரத்தில் கழுவினால் போதும். மற்றப் பாதி உங்கள் கையை எலி என்று நினைத்து வருவது, அதுதான் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். இழுக்காதீர்கள். பற்கள் உள்பக்கமாக வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். வாயருகே குளிர்ந்த தண்ணியை ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

என் பெருவிரலில் இருக்கும் தழும்பு என் பிழைதான். எலி எடுத்த கையைக் கழுவாமல் பாம்புப் பெட்டிக்குள் விட்டேன். இதன் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. சூடான, எலி மணக்கிற ஒன்று அசைந்து வந்தால் அது வேறென்ன நினைக்கும்? எடுக்க முன்னும் கை கழுவுங்கள், பின்னும் கழுவுங்கள். எடுக்க முன் ஒரு கொக்கியாலோ கடதாசிக் குழாயாலோ உடம்பில் மெதுவாகத் தட்டினால், சாப்பாடு வரவில்லை, ஆள்தான் வருகிறது என்று கொஞ்ச நாளில் விளங்கிக்கொள்ளும்.

தம்பலகாமம், விவசாயி: எங்கள் வயல் பக்கம் வெங்கிணாந்திக் குட்டி வருகிறது. வெளிநாட்டுப் பாம்பு எதற்கு, இதையே பிடித்து வளர்த்தால் என்ன?

ஐயா, இரண்டு காரணத்துக்காக வேண்டாம். முதலாவது சட்டம். வெங்கிணாந்தி, அதாவது எங்கள் மலைப்பாம்பு, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது. 1937இல் வந்த சட்டம், இப்போதும் நடப்பில் இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பால் பைத்தானையும் அனுமதி இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அதனால்தான் நானும் இங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை. கேட்டு வருகிறவர்களுக்குப் படம்தான் காட்டுகிறேன்.

இரண்டாவது காரணம் சட்டத்தைவிடப் பெரியது. வயலில் நீங்கள் வெங்கிணாந்திக் குட்டி என்று நினைப்பது கண்ணாடி விரியனாக இருக்கலாம். இரண்டும் தடித்த உடம்பு, மண்ணிறம், முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள். வேறுபாடு எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் கிட்டப் போய்ப் பார்ப்பீர்கள். வைக்கோலுக்குள் கிடக்கிற பாம்பு எதுவாக இருந்தாலும் அது போகும்வரை விலகி நில்லுங்கள். விடாமல் வீட்டுப் பக்கம் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வேரைத் தேடி ஓடுவது எதுவும் வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து நேரே ஆஸ்பத்திரி.

மூதூர்த் தம்பி, மெல்பேர்ணிலிருக்கும் அக்கா சார்பாக: கண் பால்போல வெளுத்துவிட்டதாம். குருடாகிவிட்டதா என்று அழுகிறா.

சட்டை கழற்றப்போகிறது. ஒரு கிழமை, பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பார்வை மங்கல், தோல் இறுக்கம், கோபம் அதிகம், கையில் எடுக்கக் கூடாது. ஈரப்பதன் 60 வீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் முழுச் சட்டையும் ஒரே துண்டாக வரும். அவுஸ்திரேலியாவில் இந்தப் பாம்பை வளர்க்க அனுமதி இல்லை என்பதால் அக்காவிடம் இருப்பது அந்த நாட்டுப் பைத்தான் வகை ஏதாவதாக இருக்கவேண்டும். சட்டை கழற்றும் கதை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

செல்வநாயகபுரம்: தம்பியின் பாம்பு இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. கூட எடுத்ததால் வந்த வினையா?

இருக்கலாம். ஆனால் இந்தச் சாதி விரதத்துக்குப் பேர்போனது. வளர்ந்த ஆண், இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் இருந்துவிடும். கந்தசஷ்டிக்காரர்கள் கிட்ட நிற்கமுடியாது. தராசில் வையுங்கள். நிறை இறங்கவில்லையென்றால் பயமில்லை, இறங்கிக்கொண்டே போனால் வைத்தியர்.

இதற்கிடையில் கையில் எடுப்பதை முற்றாக நிறுத்துங்கள். பிறகு வெப்பத்தைப் பாருங்கள். சூடான மூலை 31 முதல் 33 பாகை, குளிர்ந்த மூலை 25 அளவில். தம்பி இருப்பது எங்கே என்று எழுதவில்லை. லண்டன் மாரிகாலம் என்றால் அறை 18 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் சோபாவில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நாடகம் பார்த்தால் பாம்பு சில்லிட்டுப் போகும், செரிமானமும் நின்றுபோகும். ‘சாதுவாக மடியில் கிடக்கிறது’ என்பார்கள். குளிரில் விறைத்துக் கிடக்கிறது.

சீனக்குடா: தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. மகுடிக்கு ஆடுகிற மாதிரி வடிவாக இருக்கிறது.

‘ஸ்பைடர்’ என்று சொல்லி விற்கிற நிறவகையா? அந்த நிறத்தோடு பரம்பரையில் ஒட்டி வருகிற நரம்புக் கோளாறு அது. நடனம் இல்லை. பதற்றம் கூடினால் ஆட்டமும் கூடும், எனவே மற்றவற்றைவிடக் குறைவாகவே எடுங்கள். வேறு நிறவகை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நகரம்: நாகதம்பிரானை வணங்குகிற சனம் நாங்கள். பாம்பை விளையாட்டுச் சாமானாக்குவது சரியா?

ஐயா, பெனின் நாட்டில் வீடா என்றொரு கரையோர நகரம். அங்கே இதே பாம்புக்குக் கோயில் இருக்கிறது. பாம்புகள் இரவில் ஊருக்குள் போகும். யார் வீட்டுக்குள் வந்தாலும் அடிக்காமல் கோயிலில் கொண்டுவந்து விடுவார்கள். அதே மேற்கு ஆபிரிக்கக் கரையிலிருந்துதான் குட்டிகள் வெளிநாட்டு வியாபாரத்துக்கும் போகின்றன. அதனால் காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள், வளர்ப்பில் பிறந்ததையே கேளுங்கள் என்று சொல்லிவந்தேன். கடையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. உங்கள் கேள்விக்கு அதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

உவர்மலை மாணவி மறுபடியும்: அது எங்களை அடையாளம் கண்டு பாசம் வைக்குமா? எத்தனை வருடம் இருக்கும்?

உங்கள் மணத்தைப் பழகிக்கொள்ளும், இந்த ஆளால் ஆபத்தில்லை என்று விளங்கிக்கொள்ளும். பாசம் என்று நான் சொல்லமாட்டேன். கையில் எடுப்பது எங்கள் ஆசைக்குத்தான், அது பொறுத்துக்கொள்கிறது. ஆயுள் 20, 30 வருடம் சாதாரணம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலையில் 60 வயதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட ஒரு கிழவி, பல வருடம் ஆண் துணையே இல்லாமல் 2020இல் முட்டையிட்டது.

சாம்பல்தீவுத் தம்பி, இரண்டு மாதம் கழித்து: அண்ணை, இப்போது நல்லாச் சாப்பிடுகிறது, கையிலும் ஊர்கிறது. நேற்றிரவு எலி கொடுத்தேன். இன்றைக்குக் கூட்டாளிகள் பார்க்க வருகிறார்கள். ஐந்து நிமிடம் மட்டும் எடுத்துக் காட்டட்டுமா?

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள்.