வாசகர் கேள்வி – பதில்: பன்னிரண்டு அடி பெற்றவர்கள் தோற்ற ஆட்டம்

கேள்வி: 1959 மே 26 அன்று அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் நடந்த பேஸ்போல் ஆட்டமொன்றின் புள்ளி அட்டையை என் மகன் காட்டினான். பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் அணி 12 அடிகள் பெற்றும் 0–1 எனத் தோற்றிருக்கிறது. வென்ற மில்வோக்கி பிரேவ்ஸ் அணிக்கு ஒரேயோர் அடிதான். தோற்ற பந்துவீச்சாளர் ஹார்வி ஹெடிக்ஸின் பெயருக்கு நேரே 12.2, 1, 1, 0, 1, 8 என்று இருக்கிறது. கிறிக்கெட் மட்டுமே அறிந்த எனக்கு இதை விளக்குவீர்களா?
— வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஏகாம்பரம் மைதானத்தில் கிறிக்கெட் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்த அட்டை அந்நியமானதன்று, இங்கிலாந்தில் பிறந்து, கிறிக்கெட் செய்தியாளராக இருந்த ஹென்றி சட்விக்தான் 19ஆம் நூற்றாண்டில் பேஸ்போல் அட்டைக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். 12.2 ஓவர் என்றால் 12 ஓவர்களும் 2 பந்துகளும் என்று வாசிக்கிறீர்கள் அல்லவா? இங்கே அது 12 இனிங்ஸ்களும், பதின்மூன்றாவதில் வீழ்த்திய 2 பேரும் ஆகும். ஓர் இனிங்ஸில் மூவர் ஆட்டமிழந்தால் அணிகள் இடம் மாறும். அடுத்து வருபவை முறையே கொடுத்த அடி (அடித்தவர் ஆட்டமிழக்காமல் பேஸை அடைய உதவிய அடி), கொடுத்த ஓட்டம், பந்துவீச்சாளரின் பொறுப்பில் சேரும் ஓட்டம் (களத்தடுப்பாளரின் பிழையால் வந்தது இதில் சேராது), வோக் (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதலாம் பேஸைப் பெறுவது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் ஆட்டமிழப்பது). பேஸ் என்பது அடித்தவர் ஓடிச் சுற்றவேண்டிய நான்கு நிலைகளுள் ஒன்று; நான்கையும் சுற்றி முடித்தால் ஓர் ஓட்டம்.

ஓட்டம் 1, பொறுப்பு 0 என்னும் அந்த இரண்டு எண்களுக்கிடையில்தான் ஆட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஹெடிக்ஸ் 12 இனிங்ஸ்களில் எதிர்த்து வந்த 36 பேரையும், ஒருவரைக்கூட முதலாம் பேஸை அடைய விடாமல், வரிசையாக வீழ்த்தினார். பதின்மூன்றாவதில் பைரட்ஸ் களத்தடுப்பாளர் டொன் ஹோக் பந்தைத் தவறாக எறிந்ததால் பிரேவ்ஸின் பீலிக்ஸ் மன்டில்லா முதலாம் பேஸை அடைந்தார். பைரட்ஸின் பிழைப் பத்தியில் உள்ள 1 இதுவே. அடுத்து வந்த எடி மத்தியூஸ், தாம் ஆட்டமிழக்கும் வகையில் பந்தைத் தட்டி, அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரோனுக்கு வேண்டுமென்றே வோக் கொடுக்கப்பட்டது. அடுத்து ஜோ அட்கொக் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார்.

வேலிக்கு வெளியே அடித்தால் அடித்தவரும் பேஸ்களில் நிற்பவர்களும் ஓடி முடிக்கலாம்; அப்படியானால் மூன்று ஓட்டங்கள் வந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். மன்டில்லா ஓடி முடித்ததோடு ஆட்டம் முடிந்தது என எண்ணி ஆரோன் ஓடுபாதையை விட்டு விலக, பின்னால் வந்த அட்கொக் அவரை முந்திச் சென்றதால் ஆட்டமிழந்தார். ஆகவே அந்த அடி இரண்டு பேஸ் அடியாகக் குறைக்கப்பட்டு, எண்ணிக்கை 1–0 என்று லீக் தலைவரால் பின்னர் உறுதி செய்யப்பட்டது. 12.2 இல் உள்ள அந்த ‘2’ மத்தியூஸும், தோல்வியைத் தந்த அதே அட்கொக்கும் ஆவர். இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட வேறோர் அட்டையை நான் கண்டதில்லை.

பைரட்ஸின் 12 அடிகளும் வீணானதற்கு பிரேவ்ஸின் பந்துவீச்சாளர் லூ பேர்டெட்டே காரணம்: 13 இனிங்ஸ்களும் அவரே வீசி, ஒரு வோக்கும் கொடுக்காமல், அந்த அடிகள் ஓட்டமாக மாறாதவாறு தடுத்தார். எல்லே ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். அடித்தவர் சுற்றி ஓடி முடிக்காவிட்டால் அந்த அடிக்கு ஓட்டம் இல்லை.

அட்டையில் எனக்கு ஒப்பாத இடம், ஹெடிக்ஸின் பெயருக்கு அருகிலுள்ள தோல்விக் குறிதான். வெற்றி தோல்வியை ஒரு பந்துவீச்சாளரின் கணக்கில் எழுதும் வழக்கம், அவருடைய அணி ஓட்டமே எடுக்காத நாளில் அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பொறுப்பு 0 என்ற எண்ணையே நம்புங்கள். 1991இல் விதி இறுக்கப்பட்டு, ஆட்டம் முடியும்வரை ஓர் அடியும் கொடுக்காதவர்களே அடியற்ற ஆட்டப் பட்டியலில் சேர்வர் என்றானபோது, ஹெடிக்ஸ் அதிலிருந்தும் நீக்கப்பட்டார். உங்கள் மகன் காட்டிய அட்டையில் அந்த 36 பேரும் அப்படியே இருக்கின்றனர்.