ஓடைக்கு இரு கரை, ஊருக்கு இரு மாநிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெர்லின் சுவர் பற்றிய கட்டுரையில் மோட்லராய்ட் என்ற சிற்றூரையும் குறிப்பிட்டிருந்தீர்கள். சுமார் ஐம்பது பேர் வாழும் ஊரின் நடுவே சுவர் எழுப்ப என்ன தேவை இருந்தது? ஜெர்மனி இணைந்த பிறகும் அவ்வூர் இரண்டு மாநிலங்களில் கிடப்பது ஏன்? ஒன்றாக்கிவிடக் கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அந்த எல்லை சுவரைவிட மிகப் பழையது. ஊரின் குறுக்கே டான்பாக் என்ற ஒடுங்கிய ஓடை ஓடுகிறது. 1810-இல் பவேரிய அரசுக்கும் ராய்ஸ் சிற்றரசுக்கும் அதுவே எல்லை எனக் கல் நட்டார்கள். ஊரார் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பள்ளிக்கூடமும் மதுவிடுதியும் ராய்ஸ் பக்கம், அதாவது இன்றைய துரிங்கியா மாநிலப் பக்கம் இருந்தன. வழிபாட்டுக்கு எல்லோரும் பவேரியப் பக்கத்து டோப்பன் என்ற ஊருக்குப் போனார்கள்.

1945-இல், போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் பங்கிட்டபோது, அந்தப் பழைய கோடே பவேரியப் பக்கத்து அமெரிக்க மண்டலத்துக்கும் துரிங்கியப் பக்கத்து சோவியத் மண்டலத்துக்கும் எல்லையானது; சோவியத் மண்டலமே பின்னர் கிழக்கு ஜெர்மனி ஆனது. 1952-இல் கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தபோது, பத்து மீட்டர் அகலத்துக்கு நிலத்தை உழுது வெறுமையாக்கி, அதற்கு உட்புறம் ஐந்நூறு மீட்டர் பாதுகாப்புப் பட்டையும் ஐந்து கிலோமீட்டர் தடைப் பகுதியும் வகுத்து, நம்பத்தகாதவர்கள் எனக் கருதிய குடும்பங்களை அங்கிருந்து பெயர்த்து அனுப்பியது. ஊருக்குள் முதலில் பலகை வேலிதான் வந்தது. 1966-இல் அந்த இடத்தில் எழுநூறு மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட கான்கிரீட் சுவர் எழுந்தது. வயல்வெளியில் கம்பிவலை வேலி போதும்; வீடுகள் ஓடையை ஒட்டி நிற்கும் இடத்தில் அகன்ற காவல் பட்டைக்கு இடமில்லை, பார்வையையும் மறைத்தாக வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: ஆள் தொகை அல்ல, தூரம் குறைவாக இருந்ததே காரணம்.

என்னை மிகவும் வருத்துவது சுவரின் உயரம்கூட அல்ல. மேற்குக் கரை மேட்டிலிருந்து ஒருவர் கையசைத்தால், கிழக்குக் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கையசைக்கக் கூடாது என்று தடை இருந்தது. எதிர்வீட்டு உறவினர் முகம் தெரிகிறது, கை உயர்கிறது, இவரோ பார்க்காதவர்போல் திரும்பிக்கொள்ள வேண்டும். பல்லாண்டு இப்படி வாழ்வது என்னவென்று நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

1989 டிசம்பர் 9 அன்று நடந்து கடக்க வழி திறந்தது. 1990 ஜூன் 17 அன்று சுவரை இடித்தார்கள். ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்தது நல்ல முடிவு என்பேன், அது இன்று அருங்காட்சியகத்தின் பகுதி.

ஒன்றாக்க வேண்டுமா என்றால், தேவையில்லை என்றே கருதுகிறேன். 1810-இலிருந்து 1945 வரை 135 ஆண்டுகள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இப்போதும் ஒரு கரையில் 'க்ரூஸ் காட்' என்றும் மறு கரையில் 'கூட்டன் டாக்' என்றும் வணக்கம் சொல்கிறார்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணும் தொலைபேசிக் குறியீடும் பழைய எல்லைக் கற்கள் நிற்கும் அதே ஓடைக்கரையில்தான் மாறுகின்றன.