மழையில் நனையும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாத்தா ஓட்டிய 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்து வீட்டில் இருக்கிறது. கோடையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும் வண்டி, ஐப்பசி மழை பிடித்ததும் படுத்த ஆரம்பித்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் இடது பின்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள் நகர்கிறது. கால் வைக்கும் இடத்தில் இரு பக்கமும் தண்ணீர் தேங்குகிறது. சேலத்தில் காட்டியபோது ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: மாற்ற வேண்டாம், தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்கும் வரையிலாவது மாற்ற வேண்டாம். நீங்கள் மூன்று குறைகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அவை மூன்றும் ஒன்றே. காருக்குள் தண்ணீர் வருகிறது. அந்த ஈரம் எர்த் இணைப்புகளில், அதாவது மின்சாரம் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்புகளில், துருவை ஏற்றுகிறது. துருவேறிய எர்த் விளக்குகளைத் தாறுமாறாக எரிய வைக்கிறது. கோடையில் வண்டி நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதுதான் இதற்கு முதல் சாட்சி. தண்ணீரை நிறுத்தாமல் புதிய ஒயரிங் போட்டால், நான்கைந்து மழைக்காலத்தில் அதுவும் இதே நிலைக்கு வந்து சேரும்.

ஆகவே முதலில் தண்ணீரைப் பார்ப்போம். இந்தக் காரில் முன்கண்ணாடிக்குச் சற்று முன்னால், பானெட்டை ஒட்டி, ஹீட்டருக்குக் காற்று போவதற்காக ஒரு கிரில் இருக்கிறது. மழைநீர் அதன் வழியாக உள்ளே இறங்குவது இயல்புதான். அப்படி இறங்கும் நீரை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு தகரப் பெட்டியையும், அதன் அடியிலிருந்து கியர்பாக்ஸ் மேட்டின் ஓரமாக வண்டிக்குக் கீழே போகும் ஒரு ரப்பர் குழாயையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலைகள் இந்தக் கிரில்லுக்குள் உதிர்ந்து, மக்கி, கரிய களிபோல ஆகிக் குழாயின் வாயை அடைத்துவிடும். அதன் பிறகு பெட்டி நிரம்பி, ஹீட்டர் வழியாக வழிந்து, நேராக உங்கள் கால்மாட்டுக்கு வந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் கதவையோ கண்ணாடி ரப்பரையோ சந்தேகிப்பேன். இரண்டு பக்கமும் ஒன்றாக நனைகிறது என்று எழுதியிருப்பதால் முதல் சந்தேகம் இந்தக் குழாயின் மேல்தான்.

சோதிப்பது எளிது. ஒரு லிட்டர் தண்ணீரைச் செம்பில் எடுத்து, கிரில்லில் மெதுவாக ஊற்றுங்கள். குழாய் திறந்திருந்தால் ஊற்றத் தொடங்கிய சில நொடிகளிலேயே வண்டிக்கு அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். ஒரு சொட்டும் வராவிட்டால் வண்டிக்குக் கீழே படுத்து, குழாயின் நுனியை விரலால் அமுக்கிப் பாருங்கள். நுனி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உருட்டி விட்டாலே பல நேரம் ஒரு கைப்பிடி கரிய சேறும் அதன் பின்னால் பழுப்பு நிறத் தண்ணீரும் கொட்டிவிடும். ஏர் கம்ப்ரசரை வைத்து மேலிருந்து ஊதாதீர்கள். 50 ஆண்டு கடந்த ரப்பர், பெட்டியிலிருந்து கழன்று விழுந்துவிடும், பிறகு அதை மாட்ட ஹீட்டரையே இறக்க நேரிடும். மழைக்காலம் முடியும் வரை வாரம் ஒரு முறை அந்தக் கிரில்லின் மேல் கிடக்கும் இலைகளைக் கையால் பொறுக்கிவிடுவது நல்லது.

இதற்குப் பிறகும் தண்ணீர் வந்தால் ஓஸ் பைப் சோதனை செய்ய வேண்டும். கால்மாட்டு விரிப்பை எடுத்துவிட்டு, காரின் காய்ந்த தரையில் செய்தித்தாளை விரியுங்கள். டாப்பை மூடி, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் வெளியே அழுத்தம் குறைந்த தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவுக் கண்ணாடி, பிறகு முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி, கடைசியாக டாப்பின் முன் ஓரம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது வழி என்றே தெரியாமல் போய்விடும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுமையாக நிறுத்துங்கள். கதவுக்குள் தண்ணீர் இறங்குவதைத் தவிர்க்க முடியாது; அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைந்திருந்தாலோ, உள்பக்க அட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை யாரோ கழற்றி எறிந்திருந்தாலோ, தண்ணீர் அட்டையை ஊற வைத்துக்கொண்டு உள்ளே வரும். ஒயர்கள், ஸ்பீடோமீட்டர் கேபிள், பெடல் பெட்டி ஆகியவை இன்ஜின் பக்கத்துத் தகரத்தைத் துளைத்து வரும் இடங்களில் உள்ள ரப்பர் வளையங்களையும் பார்த்துவிடுங்கள்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பின் விளக்கில் பிரேக் பல்பும் இண்டிகேட்டர் பல்பும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் துருவினால் அடைபட்டுவிட்டால், பிரேக் பல்பின் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் வழியாக வேறு பாதையைத் தேடிப் போகிறது. அதனால்தான் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. சுவிட்சிலோ ஃபிளாஷரிலோ கோளாறு இல்லை. பட்டறை ஒன்றில் இதே குறைக்காக மூன்று நாளில் பிரேக் சுவிட்ச், ஃபிளாஷர், நான்கு பல்பு என்று வரிசையாக மாற்றியிருந்ததை ஒருமுறை நான் பார்த்தேன். மீட்டரை வைத்தபோது விளக்கின் கூட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே 4 வோல்ட் காணாமல் போயிருந்தது. காரணம், விளக்கைப் பிடித்திருந்த திருகின் அடியில் நகக்கண் அளவு செந்துரு.

நீங்களும் அப்படியே அளக்கலாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பிரேக்கை ஒருவரை மிதித்திருக்கச் சொல்லி, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் கூட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த இடத்தைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, மேலே சிறிது வாசலின் தடவி மாட்ட வேண்டும். விளக்கு எரியும்போது அளப்பதுதான் முக்கியம். அணைத்துவிட்டு அளந்தால் துருவேறிய இணைப்பும் நல்லதுபோலவே காட்டும். பெட்ரோல் முள் நகர்வதற்கும் டேஷ்போர்டின் பின்னால் கறுப்பு ஒயர்கள் கூடும் இடத்தை இதே முறையில் அளந்து பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1967ஆம் ஆண்டில் மாற்றம் வரும் வரை எம்ஜிபி கார்களில் எர்த் ஆவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இன்றைய வண்டிகளில் வேலை செய்து பழகிய கை, பேட்டரியை மாற்றும்போது நெகட்டிவை பாடியில் மாட்டிவிடும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ரெவ் கவுண்டர் அதில் பழுதாகிவிடும். பேட்டரி என்று நான் சொல்வதும் இரண்டு: இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்திருக்கிறார்கள். அவற்றைத் தாங்கும் தொட்டிலில் தண்ணீரும் ஆசிட்டும் சேர்ந்து தகரத்தைத் தின்னும். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடமும் அதன் பக்கத்தில்தான் என்பதால், முதலில் உப்புத்தாள் போட வேண்டியது அங்கேதான்.

இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதற்கும் பாடிக்கும் நடுவே தனியாக ஒரு பின்னல் பட்டை எர்த் இருக்க வேண்டும். அது அறுந்திருந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் 100 ஆம்பியருக்கும் மேலான மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கே பட்டையை மாற்றுங்கள். தீப்பிடிக்கக் கூடிய குறை இது.

பியூஸ் பெட்டியில் வேலை செய்யும் பியூஸ்கள் இரண்டே. 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இந்தக் காரின் மின்சாமான்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் கணக்கில் அது பியூஸ் போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். கடையில் கிடைக்கும் இன்றைய 35 ஆம்பியர் பியூஸைப் போட்டால் ஒயர் எரிந்த பிறகுதான் பியூஸ் போகும். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒயர்களின் நிறத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் வரும். பச்சை, சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது. ஊதா, பியூஸ் வழியாக எப்போதும் வருவது. சிவப்பு சிறு விளக்குகளுக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. பழைய அம்பாசடரில் கை வைத்த எலக்ட்ரீஷியன் எவருக்கும் இது பாடம். அந்த அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் உங்கள் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நம் சென்னையின் பாடிப் பகுதியில் இருப்பதால் லூகாஸ் சாமான்களில் பழகிய கைகள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஒயரிங்கை மாற்றியே தீர வேண்டிய நிலையும் உண்டு. ஒயரின் நுனியை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள்; உள்ளே தாமிரம் சிவந்து மின்னினால் அது இன்னும் உழைக்கும். கறுத்திருந்தால் மேலும் ஓர் அங்குலம் சீவுங்கள்; அங்கும் கறுப்பாகவே இருந்தால், மேலே சுற்றிய துணிப் பின்னல் பல காலம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். அப்போது தயங்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: என் பழைய எம்ஜிபி காரில் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது சிவப்பு இக்னிஷன் விளக்கு மினுக்குகிறது, ஹெட்லைட்டும் மங்குகிறது. ஏற்காட்டுக்கு ஏறும்போது சரியாக இருக்கிறது, இறங்கும்போது மறுபடியும் அதே நிலை. டைனமோ போய்விட்டதா?
– ஒரு வாசகர், சேலம் அழகாபுரம்

பதில்: ஏறும்போது சரியாக இருப்பதால் டைனமோ நல்ல நிலையில் இருப்பதாகவே கொள்ளலாம். இன்றைய கார்களின் ஆல்டர்னேட்டர் மெதுவான ஓட்டத்திலும் சார்ஜ் கொடுக்கும்; டைனமோ கொடுக்காது. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது சிவப்பு விளக்கு மினுக்குவது அதன் இயல்பு. மலையேறும்போது இரண்டாம் கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, சார்ஜும் வருகிறது. இறங்கும்போது மட்டும் குறைகிறது என்றால், நீங்கள் நியூட்ரலில் விட்டு இறங்குகிறீர்களோ என்று அஞ்சுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அது பிரேக்கைச் சுட்டு உயிருக்கே ஆபத்தாக முடியும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கும் பிழைக்கும், பேட்டரிக்கும் சார்ஜ் ஏறும்.

இந்த டைனமோவின் முழுத் திறனே 22 ஆம்பியர்தான். ஹெட்லைட்டுகள் மட்டும் 8 முதல் 10 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். மூடுபனியில் வைப்பரும் சிறு விளக்குகளும் பிரேக் லைட்டும் சேர்ந்தால் மிச்சம் அதிகம் இராது. ஆகவே கூடுதல் ஃபாக் லைட், அதிக வாட் ஹாலஜன் என்று எதையும் ஏற்றாதீர்கள். ஃபேன் பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். மங்கல் அதன் பிறகும் மிகுதியாக இருந்தால், முன் கேள்விக்குச் சொன்ன முறையில் ஹெட்லைட் எர்த்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: முன்கண்ணாடி ஓரத்தில் வந்த ஒழுக்கை மெக்கானிக் சிலிக்கான் வைத்து அடைத்தார். ஆறு மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. வேறு என்ன போடலாம்?
– ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: போட்டபோது வினிகர்போல நெடி அடித்ததா என்று அவரிடம் கேளுங்கள். அடித்திருந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை. பெயிண்ட் விட்டுப்போன தகரத்தை அது துருப்பிடிக்க வைக்கும், பக்கத்தில் ஒயர் இருந்தால் தாமிரத்தையும் அரிக்கும். பிளாஸ்டிக் கரண்டியால் முழுவதும் சுரண்டி எடுத்து, துருவை உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும் வரை நீக்கி, பிரைமரும் பெயிண்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் புது ரப்பர் பீடிங்கைப் போடுங்கள். ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே இறுகாமல் மெழுகுபோலவே இருக்கும் பியூட்டைல் சீலண்ட் போதும். காய்ந்து கெட்டியாகும் எதுவும், மலைப்பாதையில் உடல் முறுகும் திறந்த காரில் ஓர் ஆண்டுக்குள் விரிசல் விட்டுவிடும். இந்த வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காற்றில் பிரைமர் அடித்தால் அதற்கு அடியிலேயே துரு மறுபடி தொடங்கிவிடும்.