பீட்டாவைக் குறைத்ததும் உடல் பருமன் மறைந்துவிடுகிறதா?

உடல் பருமன் நண்பர்களிடையே தொற்றுவதாகக் கொண்டு எஸ்ஐஎஸ் மாதிரியில் (தொற்றி, குணமாகி, மீண்டும் தொற்றக்கூடிய நோய்களுக்கான கணித மாதிரி) போட்டால், பீட்டா (தொற்றும் வீதம்) காமாவைவிட (குணமாகும் வீதம்) குறைந்ததும் பருமன் பூஜ்யமாகிவிடுகிறது, தரவோ அப்படிச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் பிழை இல்லை. அந்த மாதிரி சளிக்காய்ச்சலுக்குத் தைத்த சட்டை. பருமனான நண்பர் ஒருவர்கூட இல்லாதவருக்கும் எடை ஏறத்தானே செய்கிறது? அந்தத் தானாக ஏறும் வீதத்தை 'அ' என்று சேருங்கள். அதாவது, பருமனற்றோர் பங்கை (அ + பீட்டா × பருமனானோர் பங்கு) என்பதால் பெருக்கி, காமா × பருமனானோர் பங்கைக் கழியுங்கள்; அதுதான் பருமனானோர் பங்கு மாறும் வேகம்.

அ 0.01, பீட்டா 0.02, காமா 0.04 என்று போட்டால் சமநிலை சுமார் 28 சதவீதம். பீட்டாவை அடியோடு நீக்கினாலும் 20 சதவீதம் நிற்கும். நட்பின் பங்கு அந்த மீதி எட்டுதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்க்காரர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த உடல்நல ஆய்வின் தரவை வைத்து ஹில், கிறிஸ்டாகிஸ் குழுவினர் 2010இல் கையாண்டதும் இவ்வகை மாதிரியே.

ஒன்று மட்டும் வேண்டாம்: நண்பர் பருமனானால் நாமும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுவதாகக் கிறிஸ்டாகிஸும் ஃபவுலரும் 2007 ஆய்வில் சொன்னார்களே, அந்த எண்ணை அப்படியே பீட்டாவாக்கிவிடாதீர்கள். ஒத்த பழக்கமுள்ளவர்களே நண்பர்களாவதும் அதில் கலந்திருக்கலாம். அதே பாணிக் கணக்கில் முகப்பருவும் தலைவலியும், ஏன், உயரமும்கூடத் 'தொற்றுவதாக' 2008இல் கோஹென்-கோலும் ஃப்ளெட்சரும் காட்டினார்கள். உயரம்! முதலில் உங்கள் தரவிலும் பருமனுக்குப் பதில் உயரத்தைப் போட்டு அதே கணக்கை ஓட்டிப் பாருங்கள்; உயரமும் 'தொற்றினால்' கோளாறு கணக்கு முறையில்தான்.