பழைய ஹோட்டல் என்று பயப்பட வேண்டாம், ஜெனரேட்டரைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயராக இருக்கிறேன். ஜூலையில் மூன்று வாரம் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவுக்குப் போகவேண்டும். கோம்பே பகுதியில் ஒரு பழைய மூன்று நட்சத்திர ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறார்கள். அங்கே தங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் கரண்ட் போகிறது, வெந்நீர் வரவில்லை, பாத்ரூம் டைல்ஸ் உடைந்திருக்கிறது என்று வரிசையாகப் புலம்பல். மோன்-ங்காஃபுலாவில் புத்தம்புது கெஸ்ட் ஹவுஸ் பாதி வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். மாறிவிடலாமா? எனக்கு பிரெஞ்சு தெரியாது. முட்டை சாப்பிடுவேன், மற்றபடி சைவம். டிவியில் காங்கோ சண்டையைப் பார்த்துவிட்டு மனைவி தினமும் அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடந்து எதிரே பிரஸ்ஸாவில் பார்த்துவிட்டு வர முடியுமா?
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்: தம்பி, மாறாதீர்கள். கம்பெனி போட்டுக்கொடுத்த பழைய ஹோட்டலிலேயே தங்குங்கள்.

மோன்-ங்காஃபுலா நகரின் தெற்கே மேட்டுப் பகுதி. காற்று நன்றாக இருக்கும், வீடுகளும் புதிது. ஆனால் அங்கிருந்து காலையில் கோம்பேக்கு வருவது என்பது தனி வேலை. ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று கணக்கிடப்படும் ஊரில் மெயின் ரோடுகள் கொஞ்சம்தான், ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் அன்றைய காலைப்பொழுது போய்விடும். வாடகையில் மிச்சம் பிடித்த காசை டாக்ஸியில் உட்கார்ந்தே தீர்த்துவிடுவீர்கள். கோம்பேயில்தான் தூதரகங்கள், வங்கிகள், பெரிய கம்பெனிகளின் ஆபீஸ்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் பார்ட்டியின் ஆபீஸும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஹோட்டல் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கின்ஷாசாவின் மையத்தில் இருக்கும் பழைய ஹோட்டல்கள் பல பெல்ஜியர்கள் ஆண்ட காலத்திலோ, 1970களின் தொடக்கத்தில் நாட்டுக்குச் சோறு போட்ட செம்பின் விலை உச்சத்தில் இருந்தபோதோ கட்டியவை. 1974க்குப் பிறகு செம்பு விலை விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்போதைய ஜனாதிபதி மொபுட்டு வெளிநாட்டுக்காரர்களின் தொழில்களைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்திருந்தார். 1991லும் 1993லும் சம்பளப் பிரச்சினையில் கொதித்துப்போன ராணுவத்தினர் நகரத்தையே சூறையாடினார்கள். இத்தனையையும் தாங்கி நிற்கிற கட்டடத்தில் டைல்ஸ் உடைந்திருப்பது ஒரு குறையா? பெரிய ரூம், தடித்த சுவர், உயரமான கூரை, இதெல்லாம் இன்றைக்கு யாரும் கட்டிக்கொடுப்பதில்லை.

நானும் அதே கோம்பேயில் அப்படியொரு ஹோட்டலில் தங்கியிருக்கிறேன், பெயர் வேண்டாம். சாவியோடு கையளவு பித்தளைக் குண்டு ஒன்று தொங்கும், பாக்கெட்டில் வைத்தால் பேன்ட் இறங்கும், அதனால் வெளியே போகும்போது எல்லோரும் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டே போவார்கள். ராத்திரி கரண்ட் போனால் முதலில் ஏசி நின்று ஒரு அமைதி, கும்மிருட்டு, தெருவில் எங்கோ பாட்டுச் சத்தம். கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பும், பல்பு மங்கலாக எரிந்து அப்புறம் நிலைக்கும். ஆனால் ஏசி தானாக வராது, ரிமோட்டை அமுக்க வேண்டும், ரிமோட்டில் பேட்டரி இருக்காது. நாலு பென்சில் பேட்டரி கையோடு கொண்டுபோங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் ரூம் வாடகை என்று கொடுப்பது பெரும்பாலும் ஜெனரேட்டருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கேட்டில் நிற்கும் காவலுக்கும்தான். இன்கா அணையிலிருந்து மின்சாரம் வருகிறது. முதல் நிலையம் 1972லும் இரண்டாவது 1982லும் இயங்கத் தொடங்கின, ஊர் அதற்குப் பிறகு பல மடங்கு பெருத்துவிட்டது. மின்வாரியத்தின் பெயர் ஸ்நெல், தண்ணீர் வாரியம் ரெஜிதெஸோ, கரண்ட் வெட்டுக்கு தெலெஸ்தாஜ். இந்த மூன்று பெயரும் முதல் நாளே உங்கள் காதில் விழும். அதனால் கிளம்புவதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடும், ஏசியையும் கெய்ஸரையும் அது தாங்குமா, லிஃப்ட் அதில் ஓடுமா என்று கேளுங்கள். சில இடங்களில் டீசலை மிச்சப்படுத்த விடியற்காலையில் நிறுத்திவிடுவார்கள். தண்ணீருக்குச் சொந்தத் தொட்டியும் மோட்டாரும் உண்டா என்றும் கேளுங்கள், அதில் நான் உங்களுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை.

ரூம் கேட்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது மாடி. அதற்கு மேல் போனால் தண்ணீர் அழுத்தமும் லிஃப்டும் படுத்தும். தரைத்தளத்தில் கொசு. ஜெனரேட்டர் பக்கம் வேண்டாம், பார் இருக்கும் பக்கமும் வேண்டாம், கின்ஷாசாக்காரர்கள் பாட்டுக்கும் பீருக்கும் வாரநாள், ஞாயிறு என்று பேதம் பார்ப்பதில்லை. அருகில் சர்ச் இருந்தால் இரவு முழுக்க ஜெபக்கூட்டம் நடக்கும் நாட்களும் உண்டு. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் குழாயைத் திறந்து பாருங்கள், ஃப்ளஷ் இழுங்கள், ஏசியைப் போடுங்கள், கதவை உள்ளே பூட்டிப் பாருங்கள், கொசுவலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுங்கள். சரியில்லை என்றால் சிரித்த முகத்தோடு வேறு ரூம் கேட்டால் கொடுப்பார்கள். பாத்ரூமில் ஒரு பெரிய பக்கெட்டும் மக்கும் இருந்தால் அதைக் கேவலமாக நினைக்காதீர்கள், குழாய் வரும்போது நிரப்பி வைத்துவிடுங்கள். ஷவரை நம்பி வந்த வெள்ளைக்காரர் கீழே வந்து கத்திக்கொண்டிருக்கும்போது நீங்கள் குளித்து முடித்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பணம். அங்கே எல்லாம் அமெரிக்க டாலர், சில்லறை மட்டும் காங்கோ ஃபிராங்க். கார்டு வாங்குவோம் என்று போர்டு இருக்கும், மெஷின் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ரொக்கம் கொண்டுபோங்கள், அதிலும் நோட்டு புதிதாக, கிழிசலோ பேனாக் கோடோ இல்லாமல் இருக்க வேண்டும். நூலளவு கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள். பழைய வரிசை நோட்டும் வேண்டாம், ஒரு டாலர் நோட்டும் செல்லாது. கோவையில் மாற்றும்போது கவுண்டரிலேயே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், அவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை. ஹோட்டலுக்கு மொத்தமாக முன்பணம் கொடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

ஏர்போர்ட் பெயர் ன்ஜிலி, நகர மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பகலில் இறங்கும்படி டிக்கெட் போடச் சொல்லுங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க மாலை ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும், அந்த ரோட்டில் இருட்டில் நெரிசலில் நிற்பது தேவையில்லாத தலைவலி. ஹோட்டல் காரையே வரச்சொல்லுங்கள். உள்ளே வந்து பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் பார்த்து வெளியே கூட்டிப்போக ஓர் ஆள் இருப்பார், அவருக்கு ப்ரோட்டோகோல் என்று பெயர், காசு உண்டு, உங்கள் பார்ட்டியிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். திரும்பும்போது விமான நிலையக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று ஏர்லைனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், திரும்பி வரும்போது நம் ஊர் ஏர்போர்ட்டிலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும், அதனால் நாளைக்கே விசாரியுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா இதைவிட முக்கியம். அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளைக்கு ஏறி ஆளைக் கொல்வது, பழைய குளோரோகுயின் மாத்திரை அதற்குக் கேட்காது. தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஜூலை அங்கே மழையில்லாத காலம், வானம் மூடியே இருக்கும், சாயங்காலம் லேசாகக் குளிரும், கொசு குறைவு என்பார்கள், அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஊர் திரும்பிய பிறகு சில மாதம் வரை காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுக்காமல், காங்கோ போய்வந்தேன் என்று டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இன்னொன்று, துணி. ஹோட்டலில் ஒவ்வொரு உருப்படிக்கும் சலவைக் கூலி வாங்குவார்கள், நாமே துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். வெளியே காயப்போட்ட துணியில் ஒருவகை ஈ முட்டையிடும், போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும். உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் சூடாக இஸ்திரி போட்டுத்தான் உடுத்த வேண்டும். இல்லையென்றால் பாத்ரூமுக்குள்ளேயே காயப்போடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. காலையில் ரொட்டி, ஆம்லெட், பப்பாளி, அன்னாசி. அந்த அன்னாசிக்காகவே சீக்கிரம் எழுந்திருக்கலாம். மதியம் சோறும் மதேசுவும் கேளுங்கள், பீன்ஸ் கொட்டையைத் தக்காளி போட்டு வேகவைத்தது, நம் ராஜ்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். மக்கெம்பா என்றால் வறுத்த நேந்திரங்காய் மாதிரி. பொந்து என்பது மரவள்ளிக் கீரையை இடித்துப் பனை எண்ணெயில் வேகவைத்தது, அருமையாக இருக்கும், ஆனால் பல இடங்களில் கருவாடு போட்டுவிடுவார்கள். அதனால் கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், சைவம் என்று சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீனோடு கொண்டுவருவார்கள். போனில் மொழிபெயர்ப்பு ஆப்பில் பிரெஞ்சை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். கோம்பேயில் இந்திய ரெஸ்டாரன்ட்களும் மளிகைக் கடைகளும் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அந்தக் காலத்து வயரிங் தாங்காது. நம் மூன்று முனை ப்ளக் அங்கே எல்லா இடத்திலும் நுழையாது, அடாப்டர் வேண்டும். தண்ணீர் மூடி சீல் உடையாத பாட்டில்தான், பல் தேய்க்கவும்.

பிரெஞ்சு தெரியாததை விட வணக்கம் சொல்லாமல் போவதுதான் அங்கே பெரிய குற்றம். ரிசப்ஷனில் நேராகப் போய் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும். முதலில் போன்ஜூர் அல்லது லிங்காலாவில் ம்போத்தே, வயதில் பெரிய ஆண்களை பாப்பா (அப்பா), பெண்களை மாமா (அம்மா) என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தூங்கினீர்களா என்று விசாரித்துவிட்டு அப்புறம் தண்ணீருக்கு வாருங்கள், நம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது போலத்தான். ரூம் பாயையும் கேட் காவலரையும் முதல் வாரத்திலேயே கொஞ்சம் கவனித்துவிடுங்கள், கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம். ஜெனரேட்டர் நின்றால் டார்ச்சோடு முதலில் உங்கள் கதவைத் தட்டுபவர் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: டிவியில் காட்டும் சண்டை நாட்டின் கிழக்கே, கோமா பக்கம். கின்ஷாசாவிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தூரம். ஆனால் தலைநகரில் ஒன்றுமே நடக்காது என்றும் சொல்லமாட்டேன். 2025 ஜனவரியில் கோமா நகரம் கிளர்ச்சிக்காரர்கள் கையில் விழுந்தபோது கோம்பேயிலேயே சில தூதரகங்களைக் கூட்டம் தாக்கியது. ரூமில் இரண்டு நாளுக்குத் தண்ணீர், பிஸ்கட், கொஞ்சம் ரொக்கம் எப்போதும் இருக்கட்டும், நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள், ஊர்வலம் என்று கேள்விப்பட்டால் ஹோட்டலை விட்டு வெளியே போகாதீர்கள். இருட்டிய பிறகு நடக்காதீர்கள். சாதாரண உடையில் காரை நிறுத்தி போலீஸ் என்று பாஸ்போர்ட் கேட்பவர்கள் உண்டு, நகலை மட்டும் காட்டி, ஹோட்டலுக்கு வாருங்கள் பேசலாம் என்று சொல்லுங்கள், அவர்கள் காரில் எந்தக் காரணத்துக்கும் ஏறாதீர்கள். ஆற்றோரத்தில் ஜனாதிபதி மாளிகை இருக்கிறது, அந்தப் பக்கம் போனை எடுத்துப் படம் பிடிக்கவே கூடாது.

பிரஸ்ஸாவில் ஆசையை விட்டுவிடுங்கள். ங்கோபிலா துறையிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், படகும் போகிறது, ஆனால் அது வேறு நாடு. அதற்குத் தனி விசா, திரும்பி வர உங்கள் காங்கோ விசாவில் பலமுறை நுழையும் அனுமதி, இரண்டு கரையிலும் காகிதச் சோதனை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இதெல்லாம் கட்டாது. அதற்குப் பதில் ஹோட்டல் டிரைவரைப் பிடித்துக்கொண்டு நகருக்கு வெளியே லோலா யா போனோபோவுக்குப் போய்வாருங்கள். காட்டில் தாயைக் கறிக்காகக் கொன்றுவிட்டு விற்கப்பட்ட போனோபோ குட்டிகளை அங்கே வளர்க்கிறார்கள், காங்கோ ஆற்றுக்குத் தெற்கே தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத வாலில்லாக் குரங்கினம். காலையிலேயே கிளம்பினால் இருட்டுவதற்குள் ரூமுக்கு வந்துவிடலாம்.