டெர்மினலுக்கு வர்ணம் பூசலாமா?

கே: டெர்மினலில் கமாண்டை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லின் ப்ராம்ப்ட்டுக்கு (கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் வருமே, அதற்கு) பச்சையும் நீலமும் கொடுத்தேன், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீளமான கமாண்ட் அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே எழுதுகிறது. மேல் அம்பை அழுத்தினால் பழைய கமாண்டின் பாதி அழியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டெர்மினல் கெட்டுவிட்டதா?
– கல்லூரி மாணவர், சேலம்

ப: டெர்மினல் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் தப்பு. பச்சைக்காக நீங்கள் பிஎஸ்1-இல் (ப்ராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று பாஷுக்குச் சொல்லும் அமைப்பு அது) போட்ட ‘பேக்ஸ்லாஷ் இ, சதுர அடைப்பு, 32, எம்’ திரையில் தெரியாது. டெர்மினல் அதை விழுங்கிவிட்டு நிறத்தை மட்டும் மாற்றும். பாஷுக்கு இந்த விஷயம் தெரியாது. அதையும் இடம் பிடிக்கும் எழுத்து என்று எண்ணி, ப்ராம்ப்ட் இருப்பதைவிட நீளம் என்று நினைத்துக்கொண்டு, வரி எங்கே முடிகிறது என்பதைத் தப்பாகப் போடுகிறது. ஒவ்வொரு நிறக் குறியீட்டுக்கும் முன்னால் \[ போட்டு, பின்னால் \] போட்டு மூடுங்கள், ‘நடுவில் இருப்பதை எண்ணாதே’ என்று பாஷுக்குச் சொன்ன மாதிரி. குறியீட்டை மட்டும்தான் மூட வேண்டும், ஆசையாக ஃபோல்டர் பெயரையும் சேர்த்து உள்ளே தள்ளினால் இப்போது கணக்கு மறுபக்கம் உதைக்கும். கடைசியில் 0 போட்டு நிறத்தை அணைக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நீங்கள் அடிக்கும் கமாண்டும் பச்சையாகத்தான் வரும்.

இன்னொன்று. பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் பிஎஸ்1-ஐ டெர்மினலிலேயே அடித்துப் பாருங்கள். சொதப்பினால் ஜன்னலை மூடித் திறந்தால் போதும், பழையது வந்துவிடும். ப்ராம்ப்ட்டில் வரும் ஃபோல்டர் பாதை ரொம்ப நீளமாக இருந்தால் பிஎஸ்1-இல் சின்ன டபிள்யூவுக்கு (\w) பதில் பெரிய டபிள்யூ (\W) போடுங்கள், கடைசி ஃபோல்டர் பெயர் மட்டும் வரும்.

கே: பாஷ் மாதிரி இன்னொரு ஷெல்லான ஸீஷெல்லுக்கு அலங்காரம் செய்யும் ஓ மை ஸீஷெல்லில் அக்னாஸ்டர் தீம் போட்டேன். அம்புக்குறி வர வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. சர்வரில் ஃபான்ட் போட்டும் சரியாகவில்லை.
– வாசகி, மதுரை

ப: சர்வரில் போட்டு என்ன பயன்? எழுத்தை வரைவது உங்கள் முன்னால் இருக்கும் லேப்டாப். அந்த அம்புக்குறிகள் உள்ள பவர்லைன் ஃபான்ட் அல்லது நெர்ட் ஃபான்ட் ஒன்றை அங்கே நிறுவி, டெர்மினல் செட்டிங்ஸில் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிட்டுத் தீமைத் திட்டுகிறார்கள்.

கே: அதே ஓ மை ஸீஷெல்தான் நானும். கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கண்காணிக்கும் ஃபோல்டருக்குள் போனால் என்டர் தட்டி ஒரு கொட்டாவி விட்ட பிறகுதான் ப்ராம்ப்ட் வருகிறது.
– டெவலப்பர், கோவை

ப: ஒவ்வொரு என்டருக்கும் ‘எதுவும் மாறியிருக்கிறதா’ என்று தீம் கிட்டைக் கேட்கிறது, ஃபோல்டர் பெரிதென்றால் பதில் வர நேரமாகும். ஸீஷெல்லின் அமைப்பு ஃபைலான ஸீஷெல்ஆர்சியில் ‘டிஸேபிள் அன்ட்ராக்ட் ஃபைல்ஸ் டர்ட்டி’ (கிட்டில் சேர்க்காத ஃபைல்களைத் தேடாதே) என்ற வரி ஹேஷ் குறிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும், அந்த ஹேஷை எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

கே: ‘நிறமெல்லாம் வெறும் ஜிகினா’ என்று சீனியர் கிண்டல் செய்கிறார். உண்மையா?
– வாசகர், சென்னை

ப: முக்கால்வாசி உண்மைதான் (என் ப்ராம்ப்ட்டிலும் ஒரு காலத்தில் பேட்டரி அளவு, நேரம், சின்ன ராக்கெட் படம் எல்லாம் இருந்தது, ஒன்றையும் நான் பார்த்ததில்லை). ஆனால் ஒரு நிறம் மட்டும் வேண்டும். பழைய வேலையில் ஒரு ராத்திரி இரண்டு ஜன்னல், ஒன்று டெஸ்ட் சர்வர், இன்னொன்று வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த நிஜ சர்வர். ரீபூட் என்று அடித்தது எந்த ஜன்னலில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரே வெள்ளை ப்ராம்ப்ட், பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள அக்கவுன்ட்) இருந்தால் ப்ராம்ப்ட்டின் கடைசியில் $ போய் # வரும், சரி, தூக்கக் கலக்கத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

இப்போது என் நிஜ சர்வர்களில் ப்ராம்ப்ட் சிவப்புப் பின்னணியில்தான் இருக்கும், அதற்கான எண் 41. ஃபான்ட் மாதிரி இல்லை இது, ப்ராம்ப்ட்டை உருவாக்குவது அந்தப் பக்கத்து ஷெல் என்பதால் சர்வரில் இருக்கும் பாஷ்ஆர்சியில்தான் எழுத வேண்டும். பொது அக்கவுன்ட் என்றால் கூட வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள், காலையில் வந்து சிவப்பைப் பார்த்துப் பதறப் போகிறார்கள்.